படுகொலைகளுக்குக் காரணம் மதமா, மனித சுபாவமா? ருவாண்டாவை வைத்து ஒரு விளக்கம்

1994 ஏப்ரல். கிழக்கு ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவின் மேற்குப் பகுதியில் நியாங்கே என்ற மலைக்கிராமம். தங்களைத் தேடித்தேடிக் கொல்கிறார்கள் என்று தெரிந்ததும், நாட்டின் சிறுபான்மையினரான டுட்சி மக்கள், சுற்றுவட்டாரத்திலிருந்து 1,500 பேருக்கு மேல் குடும்பம் குடும்பமாக அங்கிருந்த கத்தோலிக்கத் தேவாலயத்துக்குள் தஞ்சம் புகுந்தார்கள். வெளியே, பெரும்பான்மையினரான ஹுட்டு மக்களின் ஆயுதக் கும்பல் சூழ்ந்துகொண்டது. ஏப்ரல் 16 அன்று, சாலை வேலைக்காக அந்தப் பக்கம் வந்திருந்த புல்டோசரைக் கொண்டுவந்து, உள்ளே ஆட்கள் இருக்கும்போதே கட்டடத்தை இடித்துத் தள்ளினார்கள். அந்தப் பங்கின் பொறுப்பில் இருந்த பாதிரியார் அத்தனாஸ் செரோம்பா. இடிப்பதற்கு அவர் ஒப்புக்கொண்டார், எந்தப் பக்கத்துச் சுவர் பலவீனமானது என்று ஓட்டுநருக்குச் சொல்லவும் செய்தார் என்று ஐ.நா. அமைத்த ருவாண்டா தீர்ப்பாயம் முடிவுக்கு வந்தது. 2008-ல் மேல்முறையீட்டில் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

இதற்குக் காரணம் மதமா? கொன்றவர்கள் கிறிஸ்தவர்கள். செத்தவர்களும் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே திருப்பலியில் நின்று, ஒரே கையிலிருந்து நற்கருணை வாங்கியவர்கள். அவர்களுக்குள் தீர்க்க வேண்டிய மதச் சண்டை என்று ஒன்றுமே இல்லை. அப்படியானால் மதத்துக்குத் தொடர்பே இல்லையா? இடித்தது ஒரு கோயிலை, சம்மதம் சொன்னவர் அந்தக் கோயிலின் பாதிரியார். தொடர்பே இல்லை என்று எப்படிச் சொல்வது?

எங்காவது கூட்டக்கொலை நடந்த செய்தி வந்தால் நம் வீட்டிலும் டீக்கடையிலும் இரண்டு பதில்கள் உடனே எழும். "எல்லாம் மதத்தால் வந்த வினை" என்பார் ஒருவர். "மனுஷ புத்தியே அதுதான், மதம் இல்லாவிட்டால் வேறு ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு அடித்துக்கொள்வான்" என்பார் இன்னொருவர். இரண்டையும் நான் பல வருடங்கள் மாறி மாறி நம்பியிருக்கிறேன். இப்போது இரண்டுமே போதாது என்று நினைக்கிறேன். ஏன் என்று முடிந்தவரை எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், மதத்தைக் குற்றம் சொல்பவர்களின் பக்கம். அவர்கள் கையில் இருக்கும் சான்றுகள் லேசானவை அல்ல. 1095-ல் போப் இரண்டாம் அர்பன் சிலுவைப் போருக்கு அழைத்தபோது, அந்தப் பயணமே பாவத்துக்குப் பரிகாரமாகும் என்றார். மறு வருடமே, ஜெருசலேமுக்குக் கிளம்பிய கூட்டங்களில் சில, போகும் வழியில் ஜெர்மனியின் வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களில் யூதர்களைக் கொன்று குவித்தன. 1099 ஜூலை 15 அன்று ஜெருசலேம் விழுந்ததும் உள்ளே இருந்த முஸ்லிம்களும் யூதர்களும் வெட்டப்பட்டார்கள். சிலுவைப் படையோடு போய் வரலாறு எழுதியவர்கள் இதை மறைக்கவில்லை, கடவுளின் தீர்ப்பு என்று கொண்டாடி எழுதினார்கள். 1572 ஆகஸ்டில் பாரிஸில் கத்தோலிக்கர்கள் புராட்டஸ்டண்டுகளைக் கொன்றபோது, அதைக் கொண்டாட போப் பதின்மூன்றாம் கிரிகோரி பதக்கமே அடித்தார். இங்கெல்லாம் "மதம் வெறும் சாக்கு" என்று சொன்னால் அது நேர்மையாக இருக்காது. கொல்வதைப் புண்ணியமாக மாற்றிக் கொடுத்தது மதம்தான்.

மறு பக்கத்தாரின் சான்று கம்போடியா. 1975 முதல் 1979 வரை அங்கே ஆண்ட கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சி மதத்தையே ஒழித்தது. பிக்குகளின் காவியைக் கழற்றி வயலுக்கு அனுப்பியது. விகாரைகள் கிடங்குகளாயின, சில இடங்களில் சிறைகளாயின. எண்பது லட்சத்துக்கும் குறைவான மக்கள் இருந்த நாட்டில் 15 முதல் 20 லட்சம் பேர் பட்டினியிலும் நோயிலும் கொலையிலும் மாண்டார்கள். அங்கே கடவுள் இல்லை, சொர்க்கம் இல்லை, வேதம் இல்லை. மதத்தை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர் கம்போடியாவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அப்போது மனித சுபாவம்தான் காரணம் என்று முடித்துவிடலாமா? முடியாது என்பதுதான் என் எண்ணம். வைக்கோல் போர் எரிந்துபோனால் "வைக்கோல் தீப்பிடிக்கும், அதனால் எரிந்தது" என்று யாரும் விசாரணையை முடிப்பதில்லை. அது நேற்றும் தீப்பிடிக்கக்கூடியதாகத்தான் இருந்தது. பக்கத்து வயலில் இருக்கிற போரும் அப்படித்தான், ஆனால் அது எரியவில்லை. மனித சுபாவம் 1993-லும் ருவாண்டாவில் இருந்தது. 1994-ல் ஏன், ஏப்ரலில் ஏன் என்ற கேள்விக்கு, எல்லாக் காலத்திலும் எல்லா ஊரிலும் மாறாமல் இருக்கும் ஒன்றைப் பதிலாகச் சொல்ல முடியாது.

சுபாவம் என்று எதைச் சொல்கிறோம்

ஆனாலும் சுபாவத்தைத் தள்ளிவிட முடியாது. அதைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்த சில விஷயங்கள் இருக்கின்றன.

ஹென்றி தாஜ்ஃபெல் போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப்போரில் பிரெஞ்சுப் படையில் இருந்து, போர்க்கைதியாகப் பிடிபட்டு உயிர் தப்பினார். வெளியே வந்தபோது ஊரில் அவர் குடும்பம் இல்லை. இப்படி எப்படி நடந்தது என்ற கேள்வியோடுதான் அவர் உளவியலுக்குள் வந்தார். 1970-ல் அவர் வெளியிட்ட ஆய்வு இது. பிரிஸ்டல் பக்கம் 14, 15 வயதுப் பையன்களைக் கூப்பிட்டு இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டினார். "உனக்கு இவர் பிடிக்கும், அவனுக்கு அவர் பிடிக்கும்" என்று இரண்டு குழுவாகப் பிரித்தார். உண்மையில் அந்தப் பிரிவு குருட்டாம்போக்கில் செய்தது. அப்புறம் மற்றப் பையன்களுக்குப் பணம் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். யார் தன் குழுவில் இருக்கிறான் என்று முகம் தெரியாது, தனக்கு இதில் காலணா லாபமும் கிடையாது. அப்படியும் பையன்கள் தன் குழுவுக்கே அதிகம் கொடுத்தார்கள். இன்னொன்றும் செய்தார்கள். தன் குழுவுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, எதிர்க்குழுவை விட அதிகமாக இருந்தால் போதும் என்று பிரித்தார்கள். "நாம்", "அவர்கள்" என்று பிரிய நமக்கு மதம் தேவையில்லை, மொழி தேவையில்லை, பழைய பகை தேவையில்லை.

ஆனால் அந்தப் பையன்கள் யாரையும் அடிக்கவில்லை. "நம்ம ஆளுக்கு ரெண்டு காசு கூட" என்ற புத்திக்கும் வெட்டரிவாளுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடக்க வைப்பது எது?

1942 ஜூலை 13. போலந்தில் யூஸெஃபூவ் என்ற சிற்றூர். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்திலிருந்து வந்த ரிசர்வ் போலீஸ் படை, எண் 101. சுமார் 500 பேர். பெரும்பாலோர் நடுத்தர வயது. துறைமுகக் கூலி, லாரி ஓட்டுநர், குமாஸ்தா என்று சாதாரண வேலை பார்த்தவர்கள். விடியற்காலையில் தளபதி வில்ஹெல்ம் டிராப் அவர்களை நிறுத்திக் கண்ணீரோடு உத்தரவைச் சொன்னார். ஊரிலிருக்கும் யூதர்களில் வேலைக்கு ஆகும் ஆண்களைத் தனியே பிரிக்க வேண்டும், மிச்சமிருக்கும் பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் சுட வேண்டும். சொல்லிவிட்டு ஒரு வாய்ப்பும் கொடுத்தார். வயதில் மூத்தவர்களில் இதைச் செய்ய முடியாதென்று தோன்றுகிறவர்கள் விலகிக்கொள்ளலாம்.

ஒருவர் முன்னால் வந்தார். பிறகு பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அன்று மாலைக்குள் சுமார் 1,500 பேர் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நடுவில் இன்னும் சிலர் நைசாக ஒதுங்கிக்கொண்டார்கள். ஒதுங்கியவர்களை யாரும் சிறையில் போடவில்லை, சுடவில்லை.

1960-களில் ஜெர்மன் அரசு வழக்கறிஞர்கள் இவர்களை விசாரித்த பதிவுகள் இருக்கின்றன. அமெரிக்க வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் பிரவுனிங் அவற்றைப் படித்து எழுதினார். அவற்றில் அடிக்கடி வரும் காரணத்தைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கூட நிற்பவர்கள் முன்னால் கோழை என்று பெயர் வாங்க மனமில்லை. தான் செய்யாவிட்டால் அந்த அசிங்கமான வேலை கூட்டாளி தலையில் விழும், அது நன்றாக இருக்காது. யூத வெறுப்பு இதில் எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்னும் சண்டை உண்டு. டேனியல் கோல்ட்ஹேகன் அதையே முதல் காரணமாகச் சொன்னார். நாஜிகள் பத்து வருடங்களாக ஊட்டிய வெறுப்பு இல்லாமல் அப்படி ஒரு உத்தரவே பிறந்திருக்காது என்பது நிச்சயம். ஆனால் அந்தக் காலையில் வரிசையில் நின்ற மனிதனை அங்கேயே நிறுத்தி வைத்தது பக்கத்தில் நின்றவனின் கண்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் செய்த சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். ஆய்வாளர் சொன்னார் என்பதற்காக, அடுத்த அறையில் அலறும் ஒருவருக்கு மின்சார அதிர்ச்சி கொடுப்பதாக நம்பி 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். (அதிர்ச்சி நிஜமல்ல, அலறியது நடிப்பு.) இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே சோதனையின் இன்னொரு வடிவத்தை அவ்வளவாகச் சொல்வதில்லை. அதில் கூட உட்கார்ந்திருந்த இருவர், அவர்களும் நடிகர்கள்தான், நடுவிலேயே "இனி செய்ய மாட்டோம்" என்று எழுந்துவிட்டார்கள். அப்போது கடைசி வரை போனவர்கள் 40 பேரில் 4 பேர் மட்டுமே. மில்கிராமின் முறைகளை விமர்சித்தவர்கள் நிறைய. ஆனால் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சோதனைக்கு வந்தவர்களின் சுபாவம் மாறவில்லை. மாறியது, பக்கத்தில் இருந்தவர் செய்தது.

மதம் என்ற ஒரு சொல்லுக்குள்

மதத்தைப் பற்றிய வாதங்கள் பெரும்பாலும் ஒரு குழப்பத்தில் சிக்கிக்கொள்கின்றன. மதம் என்று நாம் சொல்லும்போது மூன்று வெவ்வேறு விஷயங்களைச் சொல்கிறோம். ஒன்று போதனை, அதாவது வேதம் என்ன சொல்கிறது, எது பாவம், எது புண்ணியம் என்பது. அடுத்தது அடையாளம், அதாவது பெயர், உடை, பிறந்த வீடு. மூன்றாவது நிறுவனம். ஆயர், மடாதிபதி, பள்ளிக்கூடம், நிலம், அரசாங்கத்தோடு இருக்கும் உறவு எல்லாம் இதில் வரும். 1099-ல் வேலை செய்தது முக்கியமாகப் போதனை. எல்லா இடத்திலும் அப்படி அல்ல.

இலங்கையை எடுத்துக்கொள்ளலாம். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களைத் தேடிய கும்பல்கள் கையில் வாக்காளர் பட்டியலை வைத்திருந்தன. சந்தேகப்பட்டவர்களைச் சிங்களச் சொல் ஒன்றைச் சொல்லச் சொல்லி நாக்கை வைத்துச் சோதித்தார்கள். சிங்களரிலும் தமிழரிலும் கத்தோலிக்கர்கள் உண்டு, ஆனால் "நீ யாரைக் கும்பிடுகிறாய்" என்பதல்ல அன்றைக்குக் கேள்வி. பிறகு 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் அது அக்டோபர் 30 அன்று நடந்தது. சில மணி நேர அவகாசத்தில், வீடு, நகை, பணம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தலைமுறைகளாகத் தமிழே பேசி வாழ்ந்தவர்கள் போனார்கள். கோடு மதத்தின் மீது போடப்பட்டது. போட்டவர்கள் மத இயக்கம் அல்லர், எந்த வேதத்தின் பெயராலும் அவர்கள் அதைச் செய்யவில்லை. இங்கே மதம் அடையாள அட்டையாக மட்டும் பயன்பட்டது. தமிழர்களாகிய நாம் இந்த இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதை விழுங்கிவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

ருவாண்டாவில் வேலை செய்தது மூன்றாவது, நிறுவனம். அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஹுட்டு, டுட்சி இருவருக்கும் ஒரே மொழி, கின்யருவாண்டா. ஒரே மலைகளில் கலந்து வாழ்ந்தவர்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். பழைய காலத்திலும் வித்தியாசம் இருந்தது. மாடும் அரசவைச் செல்வாக்கும் உள்ளவர்கள் டுட்சி, உழுகிறவர்கள் ஹுட்டு என்று ஏறக்குறைய சொல்லலாம். அதை இறுகிய இனமாக மாற்றியது காலனி ஆட்சி. முதலில் ஜெர்மனி, முதல் உலகப்போருக்குப் பிறகு பெல்ஜியம். டுட்சிகள் வடக்கிலிருந்து வந்த உயர்ந்த இனம், ஆளப் பிறந்தவர்கள் என்று ஐரோப்பியர்கள் ஒரு கதை கட்டினார்கள். 1930-களில் பெல்ஜியம் ஒவ்வொருவருக்கும் இனம் எழுதிய அடையாள அட்டை கொடுத்தது. பள்ளிக்கூடங்களை நடத்தியது கத்தோலிக்கத் திருச்சபை. அங்கேயும் டுட்சிப் பிள்ளைகளுக்கே முன்னுரிமை. அரசர் முடாரா ருதாஹிக்வா 1943-ல் ஞானஸ்நானம் பெற்றார். 1946-ல் நாட்டையே கிறிஸ்து அரசருக்கு ஒப்புக்கொடுத்தார்.

1950-களின் கடைசியில் காற்று மாறியது. டுட்சி மேல்தட்டு விடுதலை கேட்க ஆரம்பித்ததும் பெல்ஜியமும் மிஷனரிகளும் ஹுட்டு பக்கம் சாய்ந்தார்கள். விடுதலைக்குப் பின் முதல் ஜனாதிபதியான கிரேகுவார் கயிபண்டா, கத்தோலிக்கப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியராக இருந்தவர். ஆட்சி கைமாறியது, திருச்சபை ஆட்சியின் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது. கிகாலியின் பேராயர் வின்சென்ட் இன்செங்கியும்வா ஆளும் கட்சியின் மத்தியக் குழுவில் பல வருடங்கள் உறுப்பினராகவே இருந்தார். 1990-க்குள் நாட்டில் பத்தில் ஒன்பது பேர் கிறிஸ்தவர்கள். அடையாள அட்டையில் இனம் அப்படியே இருந்தது.

இதற்கு முன்பும் டுட்சிகள் மீது கொலைவெறித் தாக்குதல்கள் நடந்திருக்கின்றன. அப்போதெல்லாம் ஜனங்கள் தேவாலயத்துக்குள் ஓடினால் பிழைத்துக்கொள்வார்கள். கும்பல் வாசலில் நின்றுவிடும். அதனால்தான் 1994-லும் தேவாலயங்களுக்கு ஓடினார்கள். நியாங்கே, ன்டராமா, நியாமட்டா என்று ஊர் ஊராக, காப்பாற்றும் என்று நம்பிப் போன இடத்திலேயே ஆயிரக்கணக்கில் செத்தார்கள். மதத்தைப் பற்றி நான் படித்தவற்றில் இதைவிட வலிக்கும் செய்தி வேறில்லை. 2016-ல் ருவாண்டா ஆயர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், மறு வருடம் போப் பிரான்சிஸும் கேட்டார்.

இதைப் போதனையின் பிழை என்று சொல்ல முடியாது, கொல்லாதே என்ற கட்டளையை அவர்கள் படிக்காமல் இல்லை. அங்கிருந்த முஸ்லிம்களைப் பாருங்கள். மிகச் சிறிய சிறுபான்மை. அவர்களிலும் ஹுட்டு உண்டு, டுட்சி உண்டு. பெரும்பாலும் அவர்கள் கொலையில் சேரவில்லை. கிகாலியில் முஸ்லிம்கள் வாழும் பிர்யோகோ பகுதியில் பலர் ஒளித்துவைத்துக் காப்பாற்றப்பட்டார்கள். அதற்காக இஸ்லாம் நல்ல மதம், கிறிஸ்தவம் கெட்ட மதம் என்று முடிவு கட்டினால் மறுபடியும் தவறான வழியில் போவோம். டுட்சிகளுக்கு எதிராக விஷம் கக்கிய கங்குரா பத்திரிகையின் ஆசிரியர் ஹசன் இங்கெசே ஒரு முஸ்லிம்தான். எனக்குத் தோன்றும் வித்தியாசம் இது: ருவாண்டா முஸ்லிம்கள் காலனி காலத்திலிருந்தே ஒதுக்கிவைக்கப்பட்டவர்கள். பள்ளியில் இடமில்லை, பதவியில் இடமில்லை. அரசாங்கம் ஒன்று சொன்னால் கூடவே தலையாட்டும் கட்டாயம் அவர்களுடைய இமாம்களுக்கு இல்லை. தங்களுக்குள் ஒருவரை ஒருவர் தாங்கித்தான் பிழைத்தார்கள். அதனால் ஹுட்டு, டுட்சி என்பதை விட முஸ்லிம் என்பது அவர்களுக்குப் பெரிய "நாம்" ஆக இருந்தது. பெரும்பான்மை மதமாக, ஆட்சிக்குப் பக்கத்தில் அவர்கள் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? உறுதியாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு மதத்தை எடைபோட அதன் வேதத்தைப் புரட்டுவதை விட, அந்த ஊரில் அது அதிகாரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்று பார்ப்பது எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

புட்டாரேயின் இரண்டு வாரங்கள்

சரி, சுபாவமும் தனியாகப் போதாது, போதனையும் தனியாகப் போதாது என்றால் கொலையை நடத்தியது எது? இதற்கு எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான பதில் தெற்கு ருவாண்டாவின் புட்டாரே மாகாணத்தில் இருக்கிறது.

1990-ல் டுட்சி அகதிகளின் பிள்ளைகள் சேர்ந்து அமைத்த ஆர்.பி.எஃப். படை உகாண்டாவிலிருந்து உள்ளே நுழைந்ததும் உள்நாட்டுப் போர் தொடங்கியது. 1993 ஜூலை முதல் ஆர்.டி.எல்.எம். என்ற வானொலி நல்ல பாட்டும் கேலியும் கலந்து டுட்சிகளைக் கரப்பான்பூச்சி என்று பேச ஆரம்பித்தது. 1994 ஏப்ரல் 6 அன்று ஜனாதிபதி ஹபியாரிமானா சென்ற விமானம் கிகாலியில் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாளே பிரதமர் அகாத் உவிலிங்கியிமானா கொல்லப்பட்டார். அவர் ஹுட்டு. எதிர்த்துப் பேசக்கூடிய ஹுட்டுகளையும் தொடக்கத்திலேயே தீர்த்துக்கட்டினார்கள். அவரைக் காவல் காத்த பெல்ஜிய அமைதிப்படை வீரர்கள் பத்துப் பேரும் கொல்லப்பட்டதும் பெல்ஜியம் தன் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஏப்ரல் 21 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை அமைதிப்படையை 270 பேராகக் குறைக்க வாக்களித்தது. சுமார் நூறு நாட்களில் ஐந்து லட்சத்திலிருந்து எட்டு லட்சம் பேர் வரை, சில கணக்குகளில் அதற்கும் மேல், கொல்லப்பட்டார்கள்.

ஆனால் புட்டாரேயில் முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் அமைதி. அங்கே பிரிஃபெக்ட், நம்மூர் கலெக்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஜான் பாப்டிஸ்ட் ஹபியாலிமானா. நாட்டிலேயே அந்தப் பதவியில் இருந்த ஒரே டுட்சி. கொலை நடக்காதபடி அவர் பிடித்துவைத்திருந்தார். பிற இடங்களிலிருந்து டுட்சிகள் புட்டாரேக்குத் தப்பி ஓடி வந்தார்கள். ஏப்ரல் 17-ஐ ஒட்டி அவரைப் பதவியிலிருந்து தூக்கினார்கள், பிறகு கொன்றும் விட்டார்கள். ஏப்ரல் 19 அன்று இடைக்கால ஜனாதிபதி தியோடோர் சிந்திகுப்வாபோ அங்கே நேரில் வந்து பேசினார். நமக்கென்ன என்று ஒதுங்கி நிற்கிறவர்களைக் குத்திக்காட்டினார், "வேலை" நடக்க வேண்டும் என்றார். அந்த நாட்களில் வேலை என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு புட்டாரேயில் நடந்தது நாட்டின் மிகக் கொடூரமான படுகொலைகளில் ஒன்று.

ஏப்ரல் 10-ஆம் தேதியும் அதே மக்கள்தான், அதே சுபாவம்தான், அதே ஞாயிற்றுத் திருப்பலிதான். ஏப்ரல் 20-லும் அதுவேதான். நடுவில் மாறியது ஒரு அதிகாரி, வந்து சேர்ந்தது ஒரு உத்தரவு.

"கொல்" என்று சொல்லாமல் "வேலை" என்று சொன்னதைக் கவனியுங்கள். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, சாதாரண மனிதர்கள் தங்கள் மனசாட்சியை எப்படித் தூங்க வைக்கிறார்கள் என்று நிறைய எழுதியிருக்கிறார். செய்யும் காரியத்துக்கு வேறு பெயர் வைப்பது, பொறுப்பை மேலே தள்ளிவிடுவது, எதிரில் இருப்பவரை மனிதரே அல்ல என்று ஆக்குவது. ருவாண்டாவில் மூன்றும் இருந்தன. பூச்சியைக் கொல்வது பாவமில்லை, அரசாங்கம் சொன்ன வேலையைச் செய்வது குடிமகனின் கடமை.

பிறகு அமெரிக்க அரசியல் அறிவியலாளர் ஸ்காட் ஸ்ட்ராஸ், தண்டனை பெற்ற கொலையாளிகள் 210 பேரை ருவாண்டாச் சிறைகளில் சந்தித்துப் பேட்டி எடுத்தார். அவர்கள் வயதிலும் படிப்பிலும் தொழிலிலும் ஊரிலிருந்த மற்ற ஆண்களைப் போலவே இருந்தார்கள். வெறுப்பை விட அதிகமாக அவர்கள் சொன்ன காரணங்கள், போர் பற்றிய பயமும், கூட இருந்த ஹுட்டுகளின் நிர்ப்பந்தமும். யூஸெஃபூவின் ஹாம்பர்க் போலீஸ்காரர்கள் சொன்னதற்கும் இதற்கும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள்.

இப்படி விளக்கினால் கொலைகாரனை மன்னித்துவிடுவது போல ஆகாதா என்று கேட்கலாம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. காரணம் என்பது வேறு, பொறுப்பு என்பது வேறு. வரிசையிலிருந்து விலகிய அந்தப் பத்துப் பன்னிரண்டு பேருக்கும் அதே பயம், அதே வெட்கம், அதே தளபதிதான். முடிந்தது என்பதற்கு அவர்களே சாட்சி. "மனுஷ புத்தியே அப்படித்தான்" என்று சொல்லும்போதுதான் நாம் உண்மையில் கொலைகாரனை விடுவிக்கிறோம், விலகி நின்றவர்களை மறந்தும் போகிறோம். "எல்லாம் மதத்தால்" என்று சொல்லும்போது வேறொரு தவறு நடக்கிறது. மத நம்பிக்கை இல்லாத நான் இதற்கெல்லாம் அப்பாற்பட்டவன் என்று ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. கம்போடியாவில் கொன்றவர்களும் அப்படித்தான் நம்பினார்கள்.

செரோம்பாவைப் பற்றிச் சொன்ன நான் ஃபெலிசிட்டே நியிடெகெக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரும் ஹுட்டு, அவரும் கத்தோலிக்கர். கிசென்யி நகரில் திருச்சபைப் பணியில் இருந்த பெண். ஏப்ரல் மாதம் டுட்சிகளைத் தன் இல்லத்தில் ஒளித்துவைத்து, முடிந்தவர்களை எல்லை தாண்டி காங்கோவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய சகோதரர் ராணுவத்தில் கர்னல். நீ மட்டும் வந்துவிடு என்று அவர் ஆள் அனுப்பினார். என்னை நம்பி இருப்பவர்களை விட்டு வருவதை விட அவர்களோடு சாகிறேன் என்று ஃபெலிசிட்டே பதில் கடிதம் எழுதினார். ஏப்ரல் 21 அன்று, கூட இருந்தவர்களோடு அவரையும் கொன்றார்கள். செரோம்பா படித்த அதே வேதத்தைத்தான் அவரும் படித்தார்.

இனி நியாங்கேக்குத் திரும்புகிறேன். தேவாலயம் இடிக்கப்பட்டு மூன்று வருடம் கழித்து, 1997 மார்ச் 18 இரவு, அதே ஊரின் மேல்நிலைப் பள்ளிக்குள் ஹுட்டு ஆயுதக் குழுவினர் நுழைந்தார்கள். மாணவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஹுட்டுகள் ஒரு பக்கம், டுட்சிகள் ஒரு பக்கம் பிரிந்து நில்லுங்கள் என்று உத்தரவு போட்டார்கள். நாங்கள் எல்லோரும் ருவாண்டாக்காரர்கள் என்றார்கள் பிள்ளைகள். மறுபடி கேட்டார்கள், அதே பதில். சுட்டார்கள், கையெறி குண்டு வீசினார்கள், சிலர் செத்தார்கள், பலர் காயப்பட்டார்கள். அந்த வகுப்பறையில் ஹுட்டு மாணவர்களும் இருந்தார்கள். எழுந்து தனியே போய் நின்றிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள். ஒருவரும் எழவில்லை.